தமிழ்ப் பேழைக்குத் தமிழ்த் திறவுகோல்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது சவ்வாது மலை. சேயாறு பிறக்கும் இடம் அது. சமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், புதூர் நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்னும் மலைநாட்டுப் பகுதிகளிலும் வாழ்வோர், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர் என்று வழிவழியாகக் கூறிவரும் மலையாளிப் பழங்குடியினர். பெயர் மலையாளியே ஆயினும் பேச்சு தமிழே. சாமை விதைத்தும், பலாவும் புளியும் தேனும் திரட்டியும் பிழைக்கும் அம்மக்கள் பொழுது சாய்ந்த பின்னரே வீடு திரும்புவர். வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியோ அவர்களுக்காக ஒருநாளும் காத்திருந்ததில்லை. ஒளிபரப்புவோர் குறித்த வேளையில் பார்த்தவர்க்கு உண்டு, பாராதவர்க்கு இல்லை என்பதே தொலைக்காட்சி தோன்றிய நாள்முதல் இருந்துவந்த முறை.

1975 ஆகசுட்டு 15-இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோதும் அம்முறையே. 1993 ஏப்பிரலில் சன் தொலைக்காட்சி தோன்றித் தனியார் அலைவரிசைகள் பெருகியபோதும் அம்முறையே. 2004 திசம்பரில் கட்டணமில்லாச் செயற்கைக்கோள் ஒளிபரப்புத் தொடங்கி, கம்பிவடம் எட்டாத மேட்டுநிலங்களின் கூரைமேலும் தட்டுவடிவ அலைவாங்கி ஏறலாயிற்று. 2006 முதல் தமிழ்நாட்டரசு விலையில்லா வண்ணப் பெட்டிகளை வழங்கியது. அப்போதும் அலை ஒருவழியாகவே வந்தது. பார்ப்பவர் கேட்க முடியாது. கொடுத்ததைக் கொள்ளலாம், அவ்வளவே.

இன்று அந்நிலை மாறிவிட்டது. நேற்று ஒளிபரப்பான நிகழ்ச்சியை இன்று காணலாம்; சென்ற கிழமை விட்டதை இந்தக் கிழமை காணலாம். பிரித்தானிய ஒளிபரப்புக் கழகமாகிய பிபிசி, 2007 திசம்பரில் 'ஐபிளேயர்' என்னும் ஏற்பாட்டை முழுமையாகத் தொடங்கி, ஒளிபரப்பியவற்றை முதலில் 7 நாளும், 2014 முதல் 30 நாளும், பின்னர் ஓராண்டளவும் மக்கள் விரும்பிய வேளையில் காணும்படி வைத்தது. தமிழ் நிகழ்ச்சிகளுக்கும் இவ்வாய்ப்பு வந்து ஆண்டுகள் பல ஆயின. 2015-இல் ஆட்டுசுடாரும், 2017-இல் சன் நெக்சுட்டும், 2018-இல் சீ5-உம் இணையவழிச் செயலிகளாக வெளிவந்தன. திறன் தொலைக்காட்சியிலோ, பழைய பெட்டியின் பின்புறம் செருகும் சிறு கருவியிலோ இச்செயலிகளை நிறுவிக்கொண்டால், கைப்பேசித் திரையில் கண்ணை இடுக்கிப் பார்த்ததை வீட்டார் அனைவரும் கூடத்தில் அமர்ந்து பார்க்கலாம்.

இதற்கு 'மீள்காட்சி' என்று பெயரிடுதல் தகும். மறுஒளிபரப்பு என்பது வேறு. அது நிறுவனம் குறித்த வேளையில் மறுமுறை வருவது. மீள்காட்சி, பார்ப்பவர் குறித்த வேளையில் வருவது. உழைப்பவர் பொழுதுக்கு ஏற்பத் தொலைக்காட்சி இதனால் வளைந்துகொடுக்கிறது. அவ்வகையில் இதை வரவேற்காதவர் இருக்க முடியாது. குறிப்பாக மலைவாழ் சிறார்க்கு இதன் பயன் பெரிது. 2019 ஆகசுட்டு 26-இல் தமிழ்நாட்டரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. 2020-இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் அதன்வழி வீடுகளுக்கு வந்தன. மின்சாரம் போனாலோ, ஆடு மேய்க்கப் போனாலோ அன்றைய பாடம் கைநழுவும். யூடியூபில் வைக்கப்பட்ட அதே பாடமோ, பிள்ளை திரும்பி வரும்வரை காத்திருக்கும். விட்டதை மீட்டுக் கற்கும் வாய்ப்பு, மேட்டுநிலத்துப் பிள்ளைக்கு வாழ்வையே மீட்டுத் தரும் வாய்ப்பாகலாம்.

ஆயினும் இப்பேழையைத் திறக்க முனையும் மலைமகன் முன் இரு தடைகள் நிற்கின்றன.

முதல் தடை வழியின்மை. ஒளிபரப்பு என்பது ஊர்ப்பறை போன்றது. ஒருமுறை அறைந்தால் கேட்போர் பத்துப் பேராயினும் பத்தாயிரவராயினும் பறை ஒன்றே. மீள்காட்சியோ வீட்டுக்கு வீடு தனித்தனி ஓலை விடுப்பதை ஒக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியே தரவு ஓடிவர வேண்டும். ஒரு மணி நேரத் தெளிவுமிகு காட்சிக்கு ஏறத்தாழ 2 அல்லது 3 கிகாபைட்டுத் தரவு செலவாகும். கைப்பேசித் திட்டங்கள் நாளொன்றுக்கு அளந்து தரும் தரவு அதற்கே தீர்ந்துவிடும். கோபுர அலை மலைச்சரிவில் மறைந்து மறைந்து வரும் இடத்தில் காட்சி நின்று நின்று நகரும். ஆகலின் மலைக்கு வேண்டுவது நிலத்தின்வழி வரும் ஒளியிழை. தமிழ்நாட்டின் 12,525 சிற்றூராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் பணியைத் தமிழ்நாட்டரசின் கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டுள்ளது. ஊராட்சி அலுவலகச் சுவரோடு அவ்விழை நின்றுவிடின் பயனில்லை. அது பள்ளிக்கும், நூலகத்துக்கும், கடைக்கோடி வீட்டுக்கும் சென்றாக வேண்டும்.

இரண்டாம் தடை மொழி. முதல் தடை பணத்தால் நீங்கும். இது மானத்தால் மட்டுமே நீங்கும்.

செயலியைத் திறந்தவுடன் கண்முன் நிற்பது என்ன? பட்டியல் ஆங்கிலம், அறிவிப்பு ஆங்கிலம், 'தொடர்க', 'தேடுக', 'மீண்டும் முயல்க' என்னும் சின்னஞ்சிறு ஏவல்களும் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் நிகழ்ச்சியின் தமிழ்ப் பெயரே உரோமன் எழுத்தில் எழுதப்பட்டுக் கிடக்கிறது. உள்ளே இருப்பது தமிழ், பார்ப்பவர் தமிழர், விற்பதும் தமிழ்நாட்டில், இடையே நிற்கும் கதவு மட்டும் வேற்றுமொழி! நெல்லைத் தமிழர் விளைவித்துத் தமிழரே உண்ணும்போது, களஞ்சியத்தின் பூட்டுக்கு மட்டும் வேற்றூர்க் கொல்லனிடம் கையேந்த வேண்டுமா?

எழுத்துக்கேடு இதனினும் கொடிது. தொலையியக்கியின் பொத்தானை அழுத்தி அழுத்தி, திரையிலுள்ள உரோமன் எழுத்துகளைக் கூட்டித் தேட வேண்டியிருக்கிறது. மலைவாழ் மகன் ஒருவன் 'மலை' என்று தேடுகிறான் என்க. அவன் கூட்டும் அதே எழுத்துகளை 'மாலை' தேடுபவனும் கூட்டுவான். சிறப்பு ழகரத்தை அவ்வெழுத்தில் எப்படிக் குறிப்பதென்று அறியாதவன் 'மழை'க்கும் அவற்றையே கூட்டுவான். மலையும் மழையும் மாலையும் ஒன்றாகிப்போன மொழி தமிழாகுமா? வலியும் வளியும் வழியும் வேறுபாடிழந்து நிற்கும் எழுத்து தமிழெழுத்தாகுமா? ஈராயிரம் ஆண்டுகளாகக் குறிலையும் நெடிலையும், லகர ளகர ழகரங்களையும் பிரித்துக் காத்துவந்த ஓர் இனத்தின் பிள்ளைகள், ஒரு பொத்தான் விளையாட்டில் அவ்வேறுபாட்டை மறக்கப் பழகுகிறார்கள். இதைச் சிறிய செய்தி என்று ஒதுக்குவோர், மொழிகள் எவ்வாறு அழிந்தன என்பதை அறியாதவர்.

'பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்துத் தெரியுமே, இதில் என்ன குறை?' என்று கேட்போர் உளர். பிள்ளைக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியுமா? தன் வீட்டுப் பெட்டியைத் தானே இயக்க முடியாமல் பேரனை எதிர்பார்த்து அமர்ந்திருக்கும் முதியவர், தம் இல்லத்திலேயே அயலார் ஆகிறார் அல்லரோ? பேசித் தேடும் ஏந்தும் இப்போது வந்துவிட்டது என்பர். நன்று. ஆனால் அக்கருவி எந்தத் தமிழைக் கேட்டுப் பழகியிருக்கிறது? நகர்த்தமிழை மட்டும் கேட்டுப் பழகிய செவிக்கு மலைத்தமிழ் விளங்காது. சவ்வாது மலைப் பேச்சும், நீலமலைப் பேச்சும், குமரிப் பேச்சும் பதிந்து கற்பிக்கப்பட்டால் அன்றி, அது எல்லாத் தமிழர்க்கும் உரிய செவி ஆகாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. மீள்காட்சிப் பேழை யார் கையில் இருக்கிறது? 2025 பிப்பிரவரியில் சியோசினிமாவும் ஆட்டுசுடாரும் ஒன்றிணைந்து ஒரே செயலியாயின. இன்று இருக்கும் பெயர் நாளை இராது. இன்று காணக்கிடைக்கும் நிகழ்ச்சி, உரிமைக்காலம் முடிந்தால் நாளை காணாமற்போகும். வணிகர் வணிகம் செய்வர், அதில் வியப்பில்லை. ஆனால் மக்கள் பணத்தில் இயங்கும் ஒளிபரப்புக்கு வேறு கடமை உண்டு. இந்திய ஒன்றியத்தின் பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்சு' என்னும் செயலியை வெளியிட்டது. 'அலைகள்' என்று பொருள்படும் அதன் பெயர் ஆங்கிலம். அதே ஆண்டு சனவரியில், பொதிகை என்னும் தமிழ் மலையின் பெயர் தாங்கிய அலைவரிசை 'டிடி தமிழ்' ஆக்கப்பட்டது. பெயர்போனது ஒருபுறம் இருக்கட்டும். 1975 முதல் சென்னை நிலையம் பதிந்துவைத்தவற்றுள் எஞ்சியுள்ள தமிழிசையும், நாடகமும், அறிஞர் உரைகளும் முழுமையாகத் தமிழ் மக்களின் கைக்கு வரவேண்டும் என்பதே கேள்வி.

இதே சவ்வாது மலையின் காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று 1986 முதல் விண்ணை நோக்கி நிற்கிறது. பன்னூறு ஆண்டுகளுக்கு முன் விண்மீனை விட்டுப் புறப்பட்ட ஒளியை அது இன்று வாங்கிப் பதிந்து காக்கிறது. எட்டாத் தொலைவின் பழைய ஒளிக்கு அத்துணை மதிப்பளிக்கும் மலையில், அருகிலுள்ள குடிசைகளில் ஒலிக்கும் நடவுப் பாட்டும், திருவிழாக் கூத்தும், முதியோர் சொல்லும் பழங்கதையும் பதிந்து காக்கப்பட வேண்டாவா? மலைமக்கள் நகரத்தாரின் தொடர்களைப் பார்ப்பவர்களாக மட்டும் இருந்துவிடாமல், தம் வாழ்வைத் தாமே காட்டுபவர்களாகவும் ஆகும் நாளே இக்கருவியின் பயன் நிறையும் நாள்.

செய்ய வேண்டுவன தெளிவானவை. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு திறன் தொலைக்காட்சியும், செருகு கருவியும், செயலியும் தமிழ்ப் பட்டியலோடும் தமிழ் விசைப்பலகையோடும் வரவேண்டும் என்று அரசு விதி செய்தல் வேண்டும். 1956-இல் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய நாடு இது. பெட்டியை விலையின்றித் தந்த அரசு, பெட்டியின் மொழியைத் தர மறுக்கலாமா? அரசு கம்பிவட நிறுவனம் தரும் பெட்டிகள் இதற்கு முன்மாதிரியாகட்டும். கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள் அனைத்தும் வகுப்பு வாரியாக, விளம்பரம் இல்லாத அரசுச் செயலி ஒன்றில் தமிழ்த் தலைப்புகளோடு அடுக்கப்படட்டும். இணையம் எட்டாத மலைப் பள்ளிகளுக்கு அவை சேமிப்புக் கருவிகளில் ஏற்றி அனுப்பப்படட்டும். நூல்களை மின்னுருவாக்கிக் காத்துவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம், ஒளிபரப்புப் பதிவுகளுக்கும் ஒரு காப்பகம் அமைக்கட்டும்.

அரசு செய்யும்வரை தமிழர் வாளா இருத்தல் தகாது. வீட்டிலுள்ள பெட்டியின் அமைப்புப் பகுதியைத் திறந்து, அங்கே தமிழ் இருப்பின் இன்றே தெரிவு செய்யட்டும். இல்லையேல், ஏன் இல்லை என்று விற்றவரையும் செய்தவரையும் எழுதிக் கேட்கட்டும். ஒருவர் கேட்டால் குப்பைக்குப் போகும். ஊர் கேட்டால் உள்ளே போகும். தொலைக்காட்சி, செயலி, கடவுச்சொல் என்னும் சொற்கள் ஒருகாலத்தில் நகைக்கப்பட்டவையே. இன்று அவை எல்லார் நாவிலும் உள்ளன. மீள்காட்சியும் தொலையியக்கியும் அவ்வாறே நிலைபெறும், தமிழர் நாணாமல் சொன்னால்.

மலையும் மழையும் மாலையும் தமிழில் வெவ்வேறு. அவ்வேறுபாட்டை அறியாத கருவிக்கு அதைக் கற்பிக்க வேண்டியவர் தமிழர். கருவிக்காகத் தம் மொழியை மறக்க வேண்டியவர் அல்லர்!