மருந்து எதிர்ப்போடு சேர்ந்து பரவும் ஃபேஜ் எதிர்ப்பு

2024 ஜூலையில் கேரளத்தின் நெய்யாற்றின்கரையில் விடுதி ஒன்றில் காலரா உறுதியானது. இத்தகைய நேரத்தில் வார்டிலிருந்து ஆய்வகத்துக்கு வரும் முதல் கேள்வி, கிருமி எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதே. பதில் தந்ததும் கல்ச்சர் தட்டு ஆட்டோகிளேவுக்குப் போனால், அந்தக் கிருமி, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களிடமிருந்து எப்படித் தப்புகிறது என்ற தகவலும் கூடவே போய்விடும். காலராக் கிருமியில் மருந்து எதிர்ப்பையும் ஃபேஜ் எதிர்ப்பையும் பல நேரம் பிரித்துப் பார்க்க முடியாது.

1992இல் சென்னையில் பிரித்தெடுத்த ஓ139 வகைக் காலராக் கிருமியில்தான் எஸ்.எக்ஸ்.டி. என்ற தாவும் டி.என்.ஏ. துண்டு முதலில் அடையாளம் காணப்பட்டது. ஏறத்தாழ 1 லட்சம் கார இணைகள் கொண்ட அது, குரோமோசோமில் பொருந்திக்கொண்டு டிரைமெத்தோபிரிம், சல்ஃபாமெத்தாக்சசோல், ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால் ஆகியவற்றுக்கு எதிர்ப்பைத் தருகிறது. இதே குடும்பத்துத் துண்டுகள் ஃபேஜ்களைத் தடுக்கும் மரபணுக்களையும் சுமப்பதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது: ஒன்றில் பிரெக்ஸ் அமைப்பு, மற்றொன்றில் அந்நிய டி.என்.ஏ.வை வெட்டும் ரெஸ்டிரிக்‌ஷன் நொதிகள். சிப்ரோஃப்ளாக்சசினால் டி.என்.ஏ. சேதமடைந்து எஸ்.ஓ.எஸ். எதிர்வினை எழும்போது, எஸ்.எக்ஸ்.டி.யை அடக்கிவைத்திருக்கும் புரதத்தின் பிடி தளர்ந்து, துண்டு பக்கத்துக் கிருமிக்குத் தாவுவது கூடுகிறது என்பது 2004 முதலே தெரியும். இவ்விரு தகவல்களையும் சேர்த்துப் படித்தால், தேவையில்லாமல் கொடுக்கும் இத்தகைய ஆன்டிபயாடிக் ஃபேஜ் எதிர்ப்பையும் பரப்பக்கூடும். ஆன்டிபயாடிக் கைவிட்டால் ஃபேஜ் இருக்கிறது என்ற நம்பிக்கை இங்கேதான் ஆட்டம் காண்கிறது.

ஃபேஜும் சும்மா இருக்காதே என்று கேட்கலாம். உண்மைதான். வங்கதேசத்தில் கண்டெடுக்கப்பட்ட ஐசிபி1 ஃபேஜ், பாக்டீரியாவின் தற்காப்பு டி.என்.ஏ.வை அறுக்கத் தானே கிரிஸ்பர் என்ற வெட்டும் அமைப்பைச் சுமக்கிறது. பிரெக்ஸை முடக்கும் புரதமும் அதனிடம் உண்டு. ஆனால் எந்த ஃபேஜ் எந்தக் கிருமியை வெல்லும் என்பது ஆண்டுக்காண்டு மாறும் என்பதையே இது சொல்கிறது. போன வருடத்து ஃபேஜ் கலவையை நம்பி இந்த வருடத்து நோயாளியிடம் போக முடியாது. நோயாளியைக் காப்பது ஓ.ஆர்.எஸ். தானே என்ற வாதமும் சரியே. சிகிச்சை அதன்படியே நடக்கட்டும். நான் கேட்பது நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த கிருமியான ஐசோலேட்டைப் பற்றி. கேரள-தமிழக எல்லையில் பாறசாலைப் பக்கத்து நோயாளி திருவனந்தபுரத்துக்கும் போகலாம், குமரி மாவட்டத்து ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்கும் போகலாம். ஒரே கிருமி இரு மாநிலப் பதிவேடுகளில் பிரிந்துவிடும். ஐசோலேட்டைக் கிளிசராலில் உறையவைத்து இரு பக்கமும் பகிர்ந்துகொள்ள மரபணு வரிசையாக்கக் கருவி தேவையில்லை. இரட்டை அகர் தட்டில் ஃபேஜ் சொட்டு விட்டுப் பார்ப்பதும் நம் கைக்கு எட்டிய வேலையே. தெளிந்த வட்டம் விழுந்ததும் நிறுத்திவிடக் கூடாது; செறிவான ஃபேஜ் பெருகாமலேயே கிருமியை உடைத்துவிடக்கூடும். ஃபேஜைப் படிப்படியாக நீர்க்கச் செய்த பிறகும் பிளாக்குகள் என்ற தெளிந்த புள்ளிகள் தனித்தனியே தெரிந்தால்தான் ஃபேஜ் உள்ளே பெருகியிருக்கிறது என்று எழுதலாம்.