ஒன்றரை மணிக்குப் பிறகு

பாடசாலை நேரத்தை அரை மணித்தியாலத்தால் கூட்டி, பிற்பகல் இரண்டு மணி வரை நீடிக்கப்போவதாக அரசாங்கம் 2025 இல் அறிவித்தது. ஆசிரியர் சங்கங்கள் அதை எதிர்த்தன. பாடவேளையின் நிமிடக் கணக்கு, ஆசிரியர்களின் போக்குவரத்து, பிள்ளைகளின் மதியச் சாப்பாடு என்று பலதும் பேசப்பட்டன. ஆனால், மணி அடித்ததிலிருந்து இருட்டும் வரைக்குமான நீண்ட பொழுதில் பிள்ளை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, எதிலே வீட்டுக்கு வருகிறது என்ற கேள்வி அந்த விவாதத்தில் பெரிதாக எழவில்லை. வடக்கிலும் எழவில்லை. எங்களுக்குத்தான் அந்தக் கேள்வி மற்றவர்களை விடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இப்பொழுது உயர்தர வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் 2007 தொடக்கம் 2009 வரையான ஆண்டுகளில் பிறந்தவர்கள். முள்ளிவாய்க்காலில் தாயின் தோளில் கிடந்தவர்களும் இவர்களுக்குள் இருக்கிறார்கள். மெனிக் பாமில் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். யுத்தம் அவர்களுக்கு நினைவில் இல்லை. அது அம்மாவின் கதை, அல்லது அம்மா சொல்லாமல் விட்ட கதை. ஆனாலும் அவர்களுடைய பின்னேரங்களை இன்றைக்கும் யுத்தம் விட்டுப்போன கட்டமைப்புகள்தான் ஒழுங்குபடுத்துகின்றன.

முதலில் ரியூசன். யாழ்ப்பாணத்துக்கு இது புதிதல்ல. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த காலத்திலும் ரியூட்டறிக் கொட்டில்கள் நிறைந்துதான் இருந்தன. பங்கருக்குள் போய் வந்து மிச்சக் கணக்கைச் செய்த தலைமுறை அது. அந்த வைராக்கியத்தைப் பற்றி நாங்கள் பெருமையாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அன்றைக்குக் கொட்டிலில் போய் இருந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பாடசாலைகள் இடம்பெயர்ந்திருந்தன. ஆசிரியர்கள் போய்விட்டிருந்தார்கள். கொட்டில் அந்த இடைவெளியை நிரப்பியது. இன்றைக்குப் பாடசாலைகள் திரும்பி வந்துவிட்டன, மாடிக் கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. ஆனால் கொட்டில் போகவில்லை. அது மண்டபமாகி, ஒலிபெருக்கி பூட்டி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரேயடியாக இருத்தி வைக்கும் தொழிலாகிவிட்டது.

இலவசக் கல்வி 1945 இல் வந்தது. அதனால் எத்தனையோ தோட்டக்காரரின், கடற்றொழிலாளியின் பிள்ளைகள் வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் வந்தார்கள். அந்த இலவசம் இன்றைக்குப் பகல் ஒன்றரை மணியோடு முடிந்துவிடுகிறது. மிச்சத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் படிக்கும் பிள்ளைக்கு மூன்று பாடத்துக்கும் மூன்று வகுப்பு, அதைவிட மீட்டல் வகுப்பு, கடைசி மாதங்களில் மாதிரி வினாத்தாள் வகுப்பு. கணவனை இழந்த, அல்லது கணவனைக் காணாமல் ஆக்கியவர்களிடம் பதினாறு பதினேழு வருடமாகப் பதில் கேட்டு நிற்கும் ஒரு தாய், கச்சான் ஆய்ந்தும் வெங்காயம் நட்டும் இந்தக் காசைக் கட்டுகிறாள். சில வீடுகளில் பிள்ளையே கட்டுகிறது. முல்லைத்தீவுக் கரையில் விடியப்புறம் கரைவலை இழுத்துவிட்டு வகுப்புக்குப் போகும் பெடியன்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை கூலிக்குப் போய் அடுத்த கிழமை வகுப்புக்காசைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்படிப் பட்டும் படித்தும் வரும் பிள்ளையைப் பல்கலைக்கழக அனுமதி எப்படிப் பார்க்கிறது? மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னி மாவட்டங்கள் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. எழுபதுகளின் தரப்படுத்தல் எங்கள் அரசியலில் என்ன செய்தது என்பதை இங்கே திருப்பிச் சொல்லத் தேவையில்லை. நான் சொல்ல வருவது வேறு. மாவட்ட ஒதுக்கீடு ஒரு மாவட்டத்தை ஒரே தட்டில் வைக்கிறது. நகரத்தில், வகுப்பு நடக்கும் தெருவிலேயே வீடுள்ள பிள்ளையும், பிரதான வீதியிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர் காட்டுப் பாதைக்குள் இருக்கும் பிள்ளையும் அந்தக் கணக்கில் சமம். பின்னேரம் ஐந்தரைக்கு வகுப்பு முடிந்தால் முதலாவது பிள்ளை பத்து நிமிடத்தில் வீட்டில். இரண்டாவது பிள்ளை அந்த வகுப்புக்குப் போகவே இல்லை.

ஏன் போகவில்லை? பஸ் இல்லை. மாணவர்களுக்கான 'சிசு சரிய' சேவை பாடசாலை நேரத்துக்குத்தான் ஓடுகிறது. சீசன் அட்டை இ.போ.ச. பஸ்ஸுக்குத்தான் செல்லும். தனியார் பஸ்ஸில் காசு கொடுக்க வேண்டும், பல உட்கிராமங்களுக்கு அதுவும் பின்னேரத்தில் இல்லை. மிச்சம் சைக்கிள். வீதி விளக்கு இல்லாத பாதை, இரண்டு பக்கமும் பற்றை, பொழுதுபட்டால் யானை.

யானையை விடப் பெரிய பயமும் ஒன்று இருக்கிறது. 1996 செப்டெம்பர் 7 ஆம் திகதி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த கிருசாந்தியை செம்மணிச் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் மறித்தார்கள். அவரும், தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கின் குற்றவாளி ஒருவரின் வாக்குமூலம்தான் செம்மணிப் புதைகுழிகளை வெளியே கொண்டு வந்தது. 2025 இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், ஒரு சிறுபிள்ளையின் என்புத் தொகுதியோடு நீல நிறப் புத்தகப்பை ஒன்று எடுக்கப்பட்டது. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் போன உயர்தர மாணவி வீடு திரும்பவில்லை. அதைச் செய்தவர்கள் இராணுவத்தினர் அல்ல. வன்னியில் யுத்தத்தின் கடைசி வருடங்களில், கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து பிள்ளையை வெளியே விடாமல் ஒளித்து வைத்த பெற்றோரும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு தாய் பொழுதுபடுமுன் மகள் வீட்டில் நிற்க வேண்டும் என்று சொன்னால் அவளைப் பழமைவாதி என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கு அந்த வீதியைப் பற்றி எங்களை விடக் கூடத் தெரியும்.

ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை மகள்தான் கொடுக்கிறாள். விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை கலைப்பிரிவுக்குப் போகிறது. கலைப்பிரிவு குறைந்தது என்று நான் சொல்லவில்லை. விரும்பிப் போவது வேறு, பஸ் இல்லாததால் போவது வேறு. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு எடுத்த கிராமத்துப் பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படித் திசைமாறினார்கள் என்று வலயக் கல்வி அலுவலகங்கள் ஒரு கணக்கு எடுத்துப் பார்க்கலாம். பெறுபேறு வந்ததும் "எங்கள் வலயம் முன்னேறிவிட்டது" என்று அறிக்கை விடுவதை விட அது பிரயோசனமாக இருக்கும்.

பெடியன்களின் கதை வேறு. அவர்களுக்கு வீதி திறந்திருக்கிறது, ஆனால் போய்ச்சேர இடமில்லை. ஐஸ், ஹெரோயின், மாவா, வாள்வெட்டு என்று நாள்தோறும் செய்தி வருகிறது. உடனே கூட்டம் போடுகிறோம், ஊர்வலம் போகிறோம், திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று சொல்கிறோம். இவ்வளவு இராணுவம் நிற்கிற ஒரு மாகாணத்துக்குள் இவ்வளவு போதைப்பொருள் எப்படி வருகிறது என்பது நியாயமான கேள்வி. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் நாங்கள் ஒளிந்துகொள்ளவும் கூடாது. பதினேழு வயதுப் பெடியன் ஒருவன் பின்னேரம் நாலு மணிக்கு, காசு கொடுக்காமல், ஒருவரும் கலைக்காமல், போய் இருக்கக்கூடிய இடம் அவனுடைய ஊரில் எது? இதற்குப் பதில் சொல்ல முடியாத ஊர்கள்தான் அதிகம். மதிற் கரை இருக்கிறது, ரிக்ரொக் இருக்கிறது, வட்ஸ்அப் குழு இருக்கிறது. போதைப்பொருள் விற்கிறவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒரு காலத்தில் அப்படி ஒரு இடம் இருந்தது. சனசமூக நிலையம். வாசிகசாலை மேசையில் அன்றைய பத்திரிகை, வெளியே ஒரு கரப்பந்தாட்ட வலை, பக்கத்தில் விளையாட்டுக் கழகம். உதைபந்தாட்டம் முடிந்து வியர்வையோடு வந்து பத்திரிகை புரட்டிய பெடியன்களை ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குக் 'கண்காணிப்பு' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அங்கேயும் சாதி இருந்தது, பெண்பிள்ளைகளுக்கு இடமிருக்கவில்லை. பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டடங்கள் இன்னமும் நிற்கின்றன. பல இடங்களில் பூட்டியபடி நிற்கின்றன. பூட்டைத் திறப்பது நிர்வாகசபைக் கூட்டத்துக்கு மட்டும்.

சனசமூக நிலையங்கள் உள்ளூராட்சி சபைகளின் கீழ் வருகின்றன. பொது நூலகங்களும், கிராமத்து வீதி விளக்குகளும், விளையாட்டு மைதானங்களில் பலவும் அப்படித்தான். 2018 ஒக்டோபருக்குப் பிறகு வடக்கு மாகாணசபை இயங்கவில்லை, தேர்தல் இல்லை. அதற்குக் கொழும்பைக் குற்றம் சொல்லலாம். ஆனால் 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு வடக்கின் சபைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கட்சிகளின் கையில்தான் இருக்கின்றன. பிரதேச சபை எல்லைக்குள் ஒரு வீதிக்கு விளக்குப் போடவும், ஒரு வாசிகசாலையை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கவும் சமஷ்டி தேவையில்லை. பஸ் சபையின் கையில் இல்லை, உண்மை. ஆனால் அந்தப் பகுதி இ.போ.ச. சாலையிடமும் தனியார் பஸ் சங்கத்திடமும் பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு சேவை கேட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம். தவிசாளர் தெரிவுக்குக் கட்சிகள் காட்டிய சுறுசுறுப்பில் கால்வாசி போதும்.

சிறு வகுப்புகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ரியூசன் கூடாது என்ற அறிவிப்புகள் அவ்வப்போது வருகின்றன. பிள்ளைக்கு ஓய்வு வேண்டும், அறநெறி வகுப்புக்குப் போக வேண்டும் என்று காரணம் சொல்லப்படுகிறது. நல்ல விடயம்தான். ஆனால் வகுப்பை மூடினால் பிள்ளை எங்கே போகும் என்பதை அறிவிப்புக்கு முன்னரே யோசித்திருக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கட்டடம், திறன் வகுப்பறை, நூற்றாண்டு வளைவு, கிரிக்கெட் பெரும் போட்டி என்று அவர்கள் அனுப்பும் காசு பாடசாலை மதிலுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. அதுவும் பெயர்பெற்ற பாடசாலைகளின் மதிலுக்குள். வன்னிக் கிராமங்களில் மாலை நேர இலவச வகுப்புகளுக்கு உதவுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒரு வகுப்பறைக்குக் குளிரூட்டி பூட்டும் காசில், உட்கிராமம் ஒன்றுக்குப் பின்னேரம் ஒரு வான் எத்தனை மாதம் ஓடும் என்று ஒரு பழைய மாணவர் சங்கம் கணக்குப் பார்க்கலாம். வானுக்குப் பெயர்க்கல் பதிக்க முடியாது என்பது உண்மைதான்.

உள்ளூராட்சி சபைகள் அடுத்த வருடத்துக்கான பாதீட்டை வருட இறுதியில் நிறைவேற்றுகின்றன. உங்கள் வட்டார உறுப்பினரைக் கண்டால் மூன்று விடயங்களைக் கேளுங்கள். எங்கள் ஊர் வாசிகசாலை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, மைதானத்துக்கு விளக்கு எப்போது வரும், ரியூசன் முடிந்து பிள்ளைகள் வரும் பாதையில் எத்தனை மின்குமிழ் எரிகிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல அவர் ஒருநாள் பின்னேரம் ஆறரைக்கு அந்தப் பாதையால் சைக்கிளில் போய் வர வேண்டியிருக்கும்.