எலிக் குடலும் நம் குடலும்

மலத்தோடு இரத்தம் போனால் நம் வீடுகளில் முதலில் வரும் பதில், "உடம்பு சூடு, இளநீர் குடி." அடுத்த பதில், மூலம். பெருங்குடலின் உட்சுவர் வீங்கிப் புண்ணாகும் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' நோயாகவும் அது இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்து மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மலேசிய இனங்களுள் இந்தியர்களிடமே இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது. பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் நமக்கு அது பக்கத்து மருத்துவமனை!

காரணம் தேடும் ஆய்வுகளில் பெரும்பகுதி எலிகளில் நடக்கிறது. 'டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் சோடியம்' என்ற வேதிப்பொருளைக் குடிநீரில் கலந்து கொடுத்தால், ஒரு வாரத்துக்குள் எலிக்கு இரத்தப்போக்கு வந்துவிடும். பிறகு எலியை மயக்கி, நுண்ணோக்கியின் கீழ் குடலின் இரத்தக்குழாய்களைப் பார்க்கலாம். குழாயின் விட்டத்தையும் இரத்த அணுக்களின் வேகத்தையும் அளந்தால் இரத்த ஓட்டம் தெரியும். இதில் விட்டம்தான் முக்கியம். அழுத்தம் மாறாமல் ஒரு குழாய் 20 விழுக்காடு சுருங்கினாலே, ஓட்டம் ஏறக்குறைய 41 விழுக்காடாகக் குறைந்துவிடும் (0.8ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்).

இப்படி அளந்த சில ஆய்வுகளில், எலியின் நுண்தமனிகள் சுருங்கி இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. மனிதரிடமோ நிலைமை வேறு. ஸ்வீடன் மருத்துவர்கள் 1977இல் வெளியிட்ட அளவீடுகளில், நோய் தீவிரமாக இருந்தவர்களின் பெருங்குடலில் இரத்த ஓட்டம் கூடியிருந்தது.

யார் சொல்வது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம். எலிக்கு நோய் வேதிப்பொருளால் ஒரு வாரத்தில் வருகிறது. மனிதருக்கோ சொந்த நோய் எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்க, ஆண்டுக்கணக்கில் தணிந்தும் சீறியும் தொடர்கிறது. எந்த நாளில், குடற்சுவரின் எந்த அடுக்கில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்தும் விடை மாறும்.

எலி ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியின் குடலைத் தினமும் திறந்து பார்க்க முடியாதே! என் குறை, "எலிகளுக்குக் குணமானது" என்ற செய்தியை மனிதருக்கே மருந்து வந்துவிட்டதுபோல் நாம் பகிர்வதில்தான். எந்த முறையில் நோய் உண்டாக்கினார்கள், எத்தனையாவது நாளில் அளந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்தியர்களிடம் ஏன் கூடுதல் என்ற கேள்விக்கு எலி பதில் சொல்லாது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும். அதற்கு முதலில் அவர்கள் மருத்துவரிடம் போக வேண்டும். வெட்கப்பட்டு இளநீரோடு நிறுத்திக்கொள்பவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.