கோயிலில் சுவர் ஏது?

"நம் கோயிலில் சாதி ஏது? அதெல்லாம் ஊரோடு போயிற்று" என்று பத்தாங் பெர்ஜுந்தாய் (இப்பொழுது பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்துக் கிறிஸ்தவப் பெரியோர் நமக்கு உபதேசித்து வருகின்றனர். போயிற்றென்றால் மெத்தச் சந்தோஷமே. போன வழியைத்தான் சற்று விசாரிக்க விரும்புகின்றோம்.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்றோர் ஊருண்டு. அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலில் பீடம் ஒன்று, அதை நோக்கிய மண்டபங்களோ இரண்டு, நடுவே சுவர். ஒருபுறம் பிள்ளைமாரும் முதலிமாரும், மறுபுறம் நாடார்கள். கர்த்தர் ஒருவரே, அவரைத் தொழும் இடம் மட்டும் வேறு! 1910-ல் குருமார் அச்சுவரை இடித்தபொழுது மேற்படி உயர்சாதியார் மனந்திரும்பினரா? இல்லை. தனியிடம் தங்கள் பாத்தியதை என்று சென்னை ஹைகோர்ட்டு வரை வழக்காடித் தோற்றனர். ஞானஸ்நானத்தில் கழுவப்படாத அழுக்கைக் கோர்ட்டார் கழுவ வேண்டியதாயிற்று! செத்த பின்னராவது சமத்துவம் உண்டா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களைப் பிரித்த சுவரை எதிர்த்து 2010-லும் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது.

அந்த ஊர்களிலிருந்து கங்காணிமார் ஆள் சேர்த்த காலத்தில் கப்பலேறி வந்தது உடல் மட்டுமன்று. சாதிக்கொரு லயம் வைத்த தோட்டங்கள் இங்கேயும் இருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்களும் இடிந்தன. ஆனால் கல்லில்லாத சுவரை இடிப்பது யார்?

சென்ற திருவிழாவின்பொழுது (எந்தக் கோயில் என்பது இங்கு வேண்டாம்) ஒரு வாலிபன் நம்மிடம் வந்து, "அண்ணே, அண்டா கழுவ எங்கள் வீட்டாரைத் தவறாமல் கூப்பிடுகிறார்கள், வாசகம் படிக்க மட்டும் கூப்பிடுவதில்லையே, ஏன்?" என்றான். நாம் செக்ரோல் எழுதிப் பழகிய கிராணி, வேறென்ன சொல்வோம்? கணக்கெடுக்கச் சொன்னோம். பத்து வருஷத்து நிர்வாகப் பட்டியல்களைப் பிரதி செய்து கொண்டுவந்தான். தலைவர், பொருளாளர், வாசகர், தேர் தூக்கினோர் யாவரும் நாலைந்து குடும்பத்தார். கழுவினோர் வேறு. இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவனை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆகவேதான் அவனுக்கு இது தெரியாமலிருந்தது!

வாலிபரிடம் இதைப் பேசினால் இல்லாத பகையை மூட்டியதாகும் என்பர் சிலர். வாடகை வீடு கேட்கப் போன இடத்தில் "இந்தியருக்கு இல்லை" என்றால் நாம் கொதிப்பதில்லையா? அந்த அநியாயத்தைக் காணக் கண் தந்துவிட்டு, கோயில் வாசலில் அக்கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வது என்ன நியாயம்? வீட்டுக்காரன் கேட்பது இனத்தை, நம்மவர் பெண் கேட்கையில் "சொந்த ஊர் எது?" என்கின்றனர். இங்கே பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறைக்கு ஏதையா ஊர்? கேட்பது ஊரையன்று.

வருகிற ஆண்டுக் கூட்டத்தில் அவ்வாலிபன் எழுந்து, பெயர்களை விட்டு எண்ணிக்கையை மட்டும் குருவானவர் முன் வாசிக்க இருக்கின்றான். அவனோடு நிற்க மூவர் சம்மதித்துள்ளனர், நாமும் நிற்போம். அதற்குள் நமக்கு வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. தம்பிக்குப் பெண் பார்த்து வரும் நம் தாயார் போகுமிடமெல்லாம் முதலில் கேட்பது அந்த ஊர்க் கேள்வியைத்தான்.