சுக்கினி பிஞ்சு உதிர்வது உப்புத் தண்ணீராலா?

‘‘மொட்டை மாடியில் குரோ பேக்கில் இரண்டு சுக்கினிச் செடிகள் உள்ளன. நன்றாகப் பூக்கின்றன. ஆனால், பிஞ்சு விரல் அளவு வந்ததும் மஞ்சளாகி நுனியில் அழுகி உதிர்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருப்பதுதான் காரணமா? செடிகளைப் பிடுங்கிவிடலாமா?’’

- வாசகி, திரேஸ்புரம், தூத்துக்குடி.

பிடுங்க வேண்டாம். பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்த சுக்கினி, பீன்ஸ், வெங்காயத்தைவிட உப்பை அதிகம் தாங்கும். பாசன நீரின் மின்கடத்துத்திறன் 3 டெசிசைமன் வரை இருந்தாலும் விளைச்சல் பெரிதாகக் குறையாது. உப்பு மிஞ்சினால் முதலில் இலை ஓரம் கருகும். பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூக்கும். செடி பச்சையாக இருந்து பிஞ்சு மட்டும் உதிர்ந்தால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்றே பொருள்.

சுக்கினியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. இரண்டும் விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் மூடிவிடும். கடற்காற்று வீசும் மாடிக்கு அந்த நேரத்தில் தேனீக்கள் வருவது குறைவு. இரண்டே செடிகள் என்றால், ஒரே நாளில் இருவகைப் பூவும் விரியாமல் போவதும் உண்டு.

அதனால், தேனீயின் வேலையை நாமே செய்ய வேண்டும். காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, நடுவில் உள்ள மஞ்சள் தூளை அன்று விரிந்த பெண் பூவின் நடுப்பகுதியில் மெதுவாகத் தடவவும். ஓர் ஆண் பூ, இரண்டு பெண் பூக்களுக்குப் போதும். மகரந்தம் சேர்ந்த பிஞ்சு, ஒரு வாரத்துக்குள் ஒரு சாண் நீளம் வரும். அப்போதே பறித்தால் அடுத்தடுத்துக் காய் பிடிக்கும். அழுகிய பிஞ்சுகளை உடனே அகற்றவும். காலையில் எந்தக் கரைசலையும் தெளிக்க வேண்டாம். வருகிற ஒன்றிரண்டு தேனீக்களும் போய்விடும்.

பையில் உப்பு சேராமலும் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றவும். போர் தண்ணீரை வேரில் மட்டும் விடவும். இலையில் படக் கூடாது. மீன் கழிவுக்குத் திரேஸ்புரத்தில் பஞ்சமில்லை. மீன் அமிலம் தயாரித்து, லிட்டருக்கு 10 மில்லி கலந்து 15 நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றலாம். அதிகமானால் இலைதான் பெருகும்.

அடுத்த முறை மூன்று, நான்கு செடிகளாக வைக்கவும். மழை ஓய்ந்து, டிசம்பரில் விதைத்தால் 45 முதல் 50 நாள்களில், வெயில் கடுமையாவதற்கு முன்பே காய் பறிக்கலாம். கோடையில் ஆண் பூக்களே அதிகம் வரும்.

ஓர் எச்சரிக்கை: காய் கசந்தால் சமைக்காமல் கொட்டிவிடவும். அந்தக் கசப்பு, வயிற்றைக் கெடுக்கும் நஞ்சு. கசக்காத பிஞ்சுக் காயைத் தோல் சீவாமலே கூட்டு வைக்கலாம்.