மாத்திரையை எண்ணினால் போதுமா?

அறுபதைத் தாண்டிய அந்த அம்மா, புதுச்சேரி நகரத்தில் துப்புரவு வேலை செய்து ஓய்ந்தவர். பதினைந்து வருடத்துக்கு மேலாக ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு முறை காசநோய் வந்து குணமானது. "வைரஸ் கட்டுக்குள்ள இருக்கு, நல்லா இருக்கீங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். "எதுக்குப்பா நான் இன்னும் இருக்கணும்?" என்று எங்களைக் கேட்டார்.

இதுவா நல்லா இருப்பது?

1986இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. வந்தது. அது காப்பாற்றிய உயிர்களுக்கு இன்று வயதாகிறது. அரசோ வயதுவந்தோரின் தொற்று விகிதத்தை இன்னும் 15 முதல் 49 வயதுக் கணக்கில்தான் சொல்கிறது. ஐம்பது ஆனால் அந்தக் கணக்கிலும் இல்லை.

காசநோய்க் கிருமி செத்தாலும் நுரையீரலில் தழும்பு நிற்கும். வைரஸ் அடங்கியிருந்தாலும் நாட்பட்ட மூச்சடைப்பு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதன்மேல் விறகடுப்புப் புகை, குப்பைத் தூசி, பஞ்சாலைத் தூசி. இந்த வேலைகளை யார் தலையில் கட்டியது என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

மனசுக்கு வருவோம். பல வருடம் கொடுத்த எஃபவிரென்ஸ் மருந்து கெட்ட கனவும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் தரக்கூடியது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். இப்போது டோலுடெக்ராவிருக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வருடங்களில் "ராத்திரி தூங்குறீங்களா?" என்று எத்தனை பேரைக் கேட்டார்கள்?

டீக்கடையில் தனி டம்ளர் பார்த்த சனம் நாம். இந்த அம்மாவுக்கு இப்போது சொந்த வீட்டிலேயே தனி டம்ளர். இருமினால் மருமகள் பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். சாதி நமக்குச் செய்ததை நாமே இன்னொருவருக்குச் செய்துவிட்டு விடுதலை பேச முடியாது.

"மாத்திரை இலவசம், இன்னும் என்ன வேணும்?" என்கிறார்கள். நாங்கள் கேட்பது சலுகை அல்ல. எச்.ஐ.வி. உள்ளவரைப் பாகுபடுத்தக் கூடாது என்ற 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அரசு மனநல சிகிச்சையைப் பெறுவது உரிமை என்கிறது அதே 2017இன் மனநலச் சட்டம்.

மாத்திரை வாங்க வரும் நாளிலேயே, ஐம்பது தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதவைத்து நுரையீரலைச் சோதியுங்கள். மனச்சோர்வு பற்றித் தமிழில் நாலு கேள்வி கேளுங்கள். தேவைப்பட்டவருக்கு இன்ஹேலரும் மூச்சுப் பயிற்சியும் மனநல மருத்துவரும் கிடைக்கட்டும். ஜிப்மரும் அரசு மார்பு நோய் மருத்துவமனையும் கோரிமேட்டிலேயே இருக்கிற ஊர் இது. தூரத்தைக் காரணம் காட்ட முடியாது.

உயிரோடு வைத்திருப்பது மட்டும் வைத்தியம் ஆகாது. மானத்தோடு மூச்சுவிட வேண்டும்.

ஜெய்பீம்.