இது யார் நாய்?



நகராண்மைக் கழகத்து லோரி வந்து நம்ம கோயில் பக்கம் அஞ்சு நாய்களைப் பிடிச்சுக்கிட்டுப் போன நாளிலிருந்து வாட்சாப் குழுவில் ஒரே சத்தம். "பைரவர் வாகனத்தைப் பிடிக்க விட்டுட்டீங்களே, நிர்வாகம் தூங்குதா?" "இந்து கோயில் என்பதால் தானே இப்படிச் செய்யறாங்க?" "இந்தப் பாவம் சும்மா விடாது." எல்லாத்தையும் படிச்சேன். குழுவில் ரெண்டு வரியில் பதில் சொன்னா சண்டைதான் வரும். அதனால இங்கே விவரமா எழுதறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க. கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சிட்டு கோபப்படுங்க.

முதல்ல, நடந்தது என்ன? அன்னைக்குக் காலைப் பூசைக்கு நான் அங்கேதான் இருந்தேன். வந்த அதிகாரி எடுத்த உடனே நாயைப் பிடிக்கலை. வாசல்ல நின்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இனி அஞ்சிங் சியாப்பா?" இது யார் நாய்? கோயில் பேரில் லைசென்ஸ் எடுத்த நாய் எதுவும் கிடையாது, அந்த உண்மையைச் சொன்னேன். சுத்தி முப்பது நாற்பது பேர் இருந்தாங்க. தினமும் பிஸ்கட் போடறவங்க இருந்தாங்க. "கருப்பா, கருப்பா"ன்னு கொஞ்சறவங்க இருந்தாங்க. ஒருத்தர்கூட "இது என் நாய்"னு சொல்லலை. சில பேர் செருப்பைத் தேட ஆரம்பிச்சிட்டாங்க. கழுத்துல பட்டை இல்லை, பேட்ச் இல்லை, சொந்தக்காரர் இல்லை. அப்புறம் அவர் என்ன செய்வார்? லோரியில ஏத்தினார்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்குவோம். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழே ஒவ்வொரு கவுன்சிலும் நாய் லைசென்ஸுக்குத் தனியா துணைச் சட்டம் போட்டிருக்கு. வருசா வருசம் லைசென்ஸ் எடுக்கணும். கொடுக்கிற பேட்சை நாய் கழுத்துல மாட்டணும். வீட்டுக்கு எத்தனை நாய் என்பது லிங்க் வீடா, பங்களாவா என்பதைப் பொறுத்து, கவுன்சிலுக்கு கவுன்சில் மாறும். கட்டணம் பல இடங்களில் ஒரு நாய்க்கு பத்து வெள்ளிதான். துணைச் சட்டத்தை மீறினா அபராதம் 2,000 வெள்ளி வரைக்கும் போகலாம். பத்து வெள்ளி என்பது ஒரு அர்ச்சனைத் தட்டு விலை. அதைக் கட்ட நம்ம ஆளுங்களுக்கு மனசு வரலை. ஆனா நாயைப் பிடிச்ச பிறகு பைரவர் பேரைச் சொல்லி அழ மட்டும் மனசு வருது.

அடுத்து, "மலாய்க்காரங்க புகார் கொடுத்துட்டாங்க, இது இனப் பிரச்சினை"ன்னு பரப்பறவங்களுக்கு. புகார் கொடுத்தது நம்ம கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாம வர்ற ஒரு தமிழ் அம்மா. அவங்க பேத்தியை மூணு நாய் சேர்ந்து துரத்தி, பிள்ளை ரோட்டுல விழுந்து முழங்கால் கிழிஞ்சு, கார்காரர் பிரேக் போட்டதால தப்பிச்சது. அந்த அம்மா புகார் கொடுத்தது தப்பா? நம்ம பேத்தியா இருந்தா நாம சும்மா இருப்போமா? பக்கத்துத் தெரு மலாய்க்காரங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. நாய் ஈரத்தோட மேல பட்டுட்டா, அவங்க முறைப்படி ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண் கலந்த தண்ணியில. அவங்க இத்தனை வருசம் பொறுத்துப் போனதுக்கு நாம நன்றி சொல்லணும். வாட்சாப்பில் திட்டறது மரியாதை இல்லை.

இப்போ பெரிய விசயத்துக்கு வர்றேன். கோயில் வாசல்ல நாய் எங்கிருந்து வந்துச்சு? வானத்துல இருந்து குதிக்கலை. நம்ம தாமான் ஆளுங்க வீட்டுல பொட்டை நாய் குட்டி போடும். ரெண்டு மாசத்துல பால் குடி மறந்ததும், ராத்திரி பதினோரு மணிக்கு அட்டைப் பெட்டியில வெச்சு கோயில் மதில் ஓரமா விட்டுட்டுப் போயிடுவாங்க. "கோயில்ல அன்னதானம் இருக்கு, சாமி பாத்துக்கும்"னு ஒரு சமாதானம். சாமி பாத்துக்கும், சரி. பெட்டியைத் தூக்கறது யாரு? தொண்டர்கள். போன மழையில நாலு குட்டியை விட்டுட்டுப் போனாங்க. காலையில நான் வந்து பாத்தப்போ ரெண்டு சாக்கடைத் தண்ணியில மிதந்துச்சு. கோயில் மண்வெட்டியை எடுத்து நாங்கதான் புதைச்சோம். அதைச் செஞ்சவர் அடுத்த வாரம் வந்து பைரவருக்கு விளக்கு ஏத்தியிருப்பார்.

தருமர் கதை எல்லாருக்கும் தெரியும். சொர்க்கத்து வாசல் வரைக்கும் கூட வந்த நாயை விட்டுட்டு உள்ளே வரச் சொன்னப்போ, அந்த நாய் இல்லாம எனக்குச் சொர்க்கமே வேணாம்னு நின்னார். கடைசியில அந்த நாய்தான் தருமதேவதை. அவர் சொர்க்க வாசல்ல நாயை விடலை. நாம கோயில் வாசல்ல நாயை விட்டுட்டுப் போறோம். இதுல எது பக்தி, நீங்களே சொல்லுங்க.

"சாப்பாடு போடறது தப்பா?"ன்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. தப்பே இல்லைம்மா. பசிச்ச வாய்க்குப் போடறது புண்ணியம்தான். ஆனா தேய்பிறை அஷ்டமிக்கு வடை போட்டுட்டு மத்த நாளெல்லாம் திரும்பிப் பாக்காம இருந்தா, அந்த நாய்க்கு நாம என்ன செஞ்சோம்? ஒரு பொட்டை நாய் வருசத்துக்கு ரெண்டு தடவை குட்டி போடலாம். தடவைக்கு அஞ்சுன்னு வெச்சாலும் பத்து. சாப்பாடு மட்டும் போட்டு கருத்தடை செய்யாம விட்டா, அடுத்த வருசம் லோரிக்கு ஏத்தறதுக்கு நாமே நாயை வளர்த்துக் கொடுக்கறோம்னு அர்த்தம்.

வெறிநாய்க்கடி நோயைப் பத்தியும் சொல்லியாகணும். 2012ல நம்ம நாடு அந்த நோய் இல்லாத நாடுன்னு அறிவிக்கப்பட்டுச்சு. 2015லேயே பெர்லிஸ், கெடா, பினாங்குல திரும்பி வந்துடுச்சு. பினாங்குல தெருநாய்களைக் கொல்லச் சொல்லி உத்தரவு போட்டப்போ எவ்வளவு எதிர்ப்பு வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும். சரவாக்குல 2017ல ஆரம்பிச்சது, ஐம்பது பேருக்கு மேல செத்திருக்காங்க. அறிகுறி வந்துட்டா அநேகமா யாரும் பிழைக்கறது இல்லை. நூத்துக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டாலே நோய் பரவறதை நிறுத்தலாம்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆனா யாரும் கிட்ட போய்ப் பிடிக்க முடியாத நாய்க்கு எப்படி ஊசி போடறது? சொந்தக்காரர் இருந்தாத்தான் ஊசி. (எந்த நாய் கடிச்சாலும் உடனே சோப்பு போட்டு ஓடற தண்ணியில பதினைஞ்சு நிமிசம் கழுவிட்டு கிளினிக்குக்கு ஓடுங்க. மஞ்சள் தடவிட்டு உக்காராதீங்க.)

நான் வேலை செய்யற பேக்டரியில ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு டேக் மாட்டியிருக்கும். பொறுப்பாளர் பேர், கடைசியா சர்வீஸ் செஞ்ச தேதி ரெண்டும் அதுல இருக்கும். டேக் இல்லாத மெசினுக்கு யாரும் எண்ணெய் விட மாட்டாங்க. உடைஞ்சா "எனக்குத் தெரியாது"ன்னு எல்லாரும் கை விரிப்பாங்க. நாய் கழுத்துல இருக்கிற பேட்சும் அதே மாதிரிதான். இதுக்கு ஒரு ஆள் இருக்கான்னு அது சொல்லும். காணாமப் போனா தேட ஒரு ஆள், கடிச்சா பதில் சொல்ல ஒரு ஆள்.

கவுன்சிலை நான் தாங்கிப் பிடிக்கலை. அவங்க மேலயும் குறை இருக்கு. பிடிக்கறதுக்கு லோரி வருது, லைசென்ஸ் கொடுக்க ஒரு மேசை நாற்காலி தாமானுக்கு வர மாட்டேங்குது. வேலைக்குப் போறவன் லீவு போட்டு கவுன்டர்ல நிக்கணுமா? கருத்தடைக்கு உதவி கேட்டா ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டறாங்க. பிடிக்கும்போது நாயை முரட்டுத்தனமா இழுத்தா அதையும் கேட்கணும். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி கொடுமைக்கு அபராதம் 20,000 வெள்ளியில ஆரம்பிக்குது. அந்தச் சட்டம் எல்லாருக்கும்தான். ஆனா இதையெல்லாம் தட்டிக் கேட்க நமக்கு வாய் வேணும்னா, முதல்ல நம்ம நாய்க்கு லைசென்ஸ் இருக்கணும்.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். வீட்டுல நாய் இருக்கிறவங்க இந்த மாசத்துக்குள்ள லைசென்ஸ் எடுங்க, ஊசி போடுங்க, கேட்டைச் சாத்தி வைங்க. கருத்தடைக்குச் சில நூறு வெள்ளி ஆகும். முடியாதவங்க என்கிட்ட தனியா சொல்லுங்க, உபயக்காரங்க கிட்ட பேசலாம். இந்த வருசம் பைரவருக்கு வடை மாலை உபயம் செய்யற குடும்பங்கள், கூடவே ஒரு நாய்க்குக் கருத்தடைச் செலவையும் ஏத்துக்குங்க. நிர்வாகக் கூட்டத்துல இதை நான் முன்வைக்கப் போறேன், ஆதரவு கொடுங்க.

இன்னும் மூணு நாய் மதில் பக்கம் சுத்திக்கிட்டு இருக்கு. கருப்பன் தப்பிச்சிட்டான். கவுன்சில் லோரி மறுபடியும் வரும், அதுல சந்தேகமே வேணாம். அந்த மூணுல ஒண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், பட்டை மாட்டி, "இது என் நாய்"னு சொல்ல மூணு குடும்பம் வேணும். கோயிலுக்கு வர்றது முந்நூறு குடும்பம். கமெண்டுல திட்டறவங்க திட்டுங்க, ஆனா எந்த நாயை எடுத்துக்கறீங்கன்னு சொல்லிட்டுத் திட்டுங்க.

ஓம் நமசிவாய.